ஆறு சனிக்கிழமைகள்: இதழியல் மாணவர்களுக்கான ஒரு சமூக ஊடகப் பயிற்சி வகுப்பைப் பற்றி

கடந்த கல்வியாண்டின் இரண்டாம் பருவத்தில், எங்கள் இதழியல் துறை மாணவர்கள் 14 பேரைச் சென்னையில் ஒரு தனியார் பயிற்சி நிலையம் நடத்திய சமூக ஊடகப் பயிற்சிக்கு அழைத்துச் சென்றேன். செய்தியாளராகப் போகிறவர்கள் சமூக ஊடகத்தைத் தொழில்முறையில் கையாளுவது எப்படி என்பது வகுப்பின் பொருள். ஆறு சனிக்கிழமைகள், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம், தலைக்கு 4,500 ரூபாய். பாதியைக் கல்லூரி ஏற்றுக்கொண்டது. மீதியை மாணவர்கள் கொடுத்தார்கள். அந்தத் தொகையைச் சேர்க்கச் சிலர் என்ன பாடுபட்டார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால், கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்று எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. நிலையத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். குறைகளை அவர்களிடமே நேரில் சொல்லிவிட்டேன். இந்த மதிப்பீடு, இதே போன்ற வகுப்புகளைத் தேடிக்கொண்டிருக்கும் பிற ஆசிரியர்களுக்காகவும் மாணவர்களுக்காகவும் எழுதப்படுவது.

ஒப்புதல் கேட்டபோது எங்கள் நிர்வாகத்தில் ஒருவர், "கையில் போனோடு பிறந்த பிள்ளைகளுக்கு இதைக் காசு கொடுத்துச் சொல்லித்தர வேண்டுமா, சார்?" என்று கேட்டார். முதல் நாள் முதல் அரைமணி நேரத்திலேயே அதற்கு விடை கிடைத்துவிட்டது. பயிற்றுநர், நாளிதழிலும் பின்னர் ஓர் இணையச் செய்தித் தளத்திலும் நெடுங்காலம் பணியாற்றிய பெண்மணி. எல்லோரையும் தத்தம் போனைத் திறக்கச் சொல்லி, சென்ற வாரம் தாங்கள் பிறருக்கு அனுப்பிய மூன்று செய்திகளைத் தேடியெடுத்து, ஒவ்வொன்றையும் முதன்முதலில் வெளியிட்டவர் யார் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னார். என் மாணவர்களில் ஒருவர்கூட மூன்றுக்கும் விடை எழுதவில்லை. ‘அத்தை குரூப்’, ‘ஸ்கூல் ஃப்ரெண்டு’, ‘ரீல்ஸ்ல வந்தது’ என்பவையே பெரும்பாலான விடைகள். அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. தாள்களைச் சேகரித்து ஓர் உறையில் போட்டு, "ஆறாவது வாரம் திருப்பித் தர்றேன், அப்ப பாருங்க" என்றார். (கடைசி வாரம் அவருக்கு அது மறந்துபோயிற்று, கேட்க எனக்கும் நினைவு வரவில்லை.)

இரண்டாம் சனிக்கிழமை நடந்த தேடல் வகுப்புக்காக மட்டுமே 4,500 ரூபாய் கொடுக்கலாம். பதிவிடுவதைப் பற்றி அன்று ஒரு சொல்கூடப் பேசப்படவில்லை. சென்னைப் பெருவெள்ளத்தின் நடுவே வந்த 2015 டிசம்பர் 2-ஆம் தேதியை முன்வைத்து வகுப்பைத் தொடங்கினார். அன்று தி இந்து ஆங்கில நாளிதழ் சென்னையில் வெளிவரவில்லை. மறைமலை நகரிலிருந்த அச்சகத்துக்குத் தொழிலாளர்களால் வந்துசேர முடியவில்லை. 1878-இல் தொடங்கிய அந்த இதழுக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல்முறை. அதே நாளில், வீட்டுமாடியில் நின்றுகொண்டு மக்கள் ட்விட்டரிலும் பேஸ்புக்கிலும் உதவி கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். முன்பின் அறியாத தன்னார்வலர்கள் அவற்றைத் திரட்டி அட்டவணைகளாக்கி மீட்புக்குழுக்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "அன்னைக்கு நீங்க டெஸ்க்ல உட்கார்ந்திருக்கீங்க. வெளியே போக முடியாது. எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவீங்க?" என்று கேட்டார்.

மாணவர்கள் எழுதிக் கொடுத்த சொற்கள் வெள்ளம், மீட்புப் பணி, நிவாரணம், மின்தடை, தத்தளிப்பு. அவற்றைப் பலகையில் எழுதிவிட்டு, இவை எல்லாம் நாளிதழ்ச் சொற்கள் என்றார். இடுப்பளவு நீரில் நிற்பவர் ‘வீட்டுக்குள் வெள்ளநீர் புகுந்தது’ என்று எழுத மாட்டார். ‘வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு’, ‘நேத்துலேர்ந்து கரண்ட் இல்ல’, ‘போட் வருமா’, ‘பாட்டி மாடில மாட்டிக்கிட்டாங்க’ என்றுதான் எழுதுவார். அதிலும் பாதிப்பேர் தமிழை ரோமன் எழுத்தில், அவரவர்க்குத் தோன்றிய எழுத்துக்கூட்டலில் எழுதுவார்கள். ‘எங்க தெருல’, ‘எங்க வீட்டு முன்னாடி’, ‘இப்போ’ ஆகிய சொற்கள் நேரில் பார்த்தவரை, செய்தி பார்த்துக் கருத்துச் சொல்பவரிடமிருந்து பிரித்துக் காட்டிவிடும். குமரி மாவட்டத்திலிருந்து வந்திருந்த மாணவி ஒருவர் எழுந்து, தங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீரையே வெள்ளம் என்பார்கள், ஆகவே அந்தச் சொல்லைப் போட்டால் யார் வீட்டுச் சாப்பாட்டு மேசையும் அகப்படும் என்று சொன்னபோது வகுப்பே சிரித்தது. பயிற்றுநர் சிரித்துக்கொண்டே அதையும் பலகையில் எழுதினார்.

அதன் பிறகு 2023 டிசம்பர் பெருமழையை எடுத்துக்கொண்டு செய்முறைப் பயிற்சி நடந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கிக் கிடந்த நாட்கள் அவை. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் உள்ளே அடைபட்டிருந்தார்கள். அந்த ரயிலிலிருந்தோ நிலையத்துக்கு அருகிலிருந்தோ யாராவது எழுதிய பதிவுகளைக் கண்டெடுக்க வேண்டும். முழுப் பெயரையே போட்டுத் தேடிய குழுக்களுக்குச் செய்தி நிறுவனங்களின் பதிவுகளே திரும்பத் திரும்ப வந்தன. ‘ஸ்ரீவை’ என்றும் ‘வைகுண்டம் ஸ்டேஷன்’ என்றும் போட்ட குழுவுக்குத்தான் ஆட்களின் குரல் கேட்கத் தொடங்கியது. ஊர்ப்பெயரை அந்த ஊர்க்காரர் எப்படிச் சுருக்குகிறார் என்று தெரிந்திருப்பது செய்தியாளருக்கு எத்தனை பெரிய கருவி என்பதை நான் வகுப்பறையில் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். என் பிள்ளைகளுக்கு அது அன்று ஒரு மணி நேரத்தில் விளங்கியது.

கையேடு மட்டும் இந்த உயரத்துக்கு வரவில்லை. அதில் பரிந்துரைக்கப்பட்ட கருவிகளில் ஒன்று, பேஸ்புக் போன்ற தளங்களில் ஒரு பதிவு எப்படிப் பரவுகிறது என்று காட்டிய கிரவுட்டேங்கிள். மெட்டா நிறுவனம் அதை 2024 ஆகஸ்டிலேயே மூடிவிட்டது. இன்னொன்று, ‘இலவசக் கருவி’ என்ற குறிப்புடன், பல ட்விட்டர் ஓடைகளை ஒரே திரையில் பார்க்க உதவும் ட்வீட்டெக். அது 2023-இல் பெயர் மாறிக் கட்டணச் சேவையாகிவிட்டது. ட்விட்டரின் நீலக்குறி, கணக்கு உண்மையானது என்பதற்குச் சான்று என்றும் ஒரு வரி இருந்தது. பணம் கட்டுகிறவர்களுக்கெல்லாம் அந்தக் குறி கிடைக்கத் தொடங்கி, பழைய சரிபார்ப்புக் குறிகள் 2023 ஏப்ரலில் நீக்கப்பட்ட பின், அந்த வரியை நம்பும் மாணவர் முதல் வாரத்திலேயே ஏமாறுவார். பயிற்றுநர் வாயால் திருத்திக்கொண்டே போனார் என்பது உண்மை. ஆனால் வீட்டுக்கு எடுத்துச் செல்வது கையேட்டைத்தான். அதிலும் அது முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் நடந்த வகுப்புக்கு ஏன் ஆங்கிலக் கையேடு என்று கேட்டதற்கு, மொழிபெயர்க்க நேரமில்லை என்றார்கள்.

சரிபார்ப்பு வகுப்பு மூன்றாம் வாரம். முதலையிலிருந்து தொடங்கியது. 2015 மழையின்போது சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியும், பண்ணை நிர்வாகம் அதை மறுத்ததும் சென்னைவாசிகள் பலருக்கு நினைவிருக்கும். அதே வாரத்தில் மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம், பிரதமர் வானூர்தியின் சன்னல் வழியே வெள்ளத்தைப் பார்வையிடும் படத்தில் வெளிக்காட்சியை ஒட்டவைத்து வெளியிட்டு, பின்னர் அதை நீக்கியதும் நடந்தது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் காட்டியது நல்ல தேர்வு. வதந்தி என்பது அத்தை குரூப்பில் மட்டுமே பிறக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த மாணவர்களின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

பின்பு ஒரு காணொளி. தெருவில் கார் ஒன்று மிதந்து போகிறது. கீழே ‘வேளச்சேரி, இன்று காலை’ என்று எழுதியிருக்கிறது. இன்விட் என்ற உலாவிச் செருகுநிரலைக் கொண்டு காணொளியிலிருந்து தனித்தனிச் சட்டகங்களைப் பிரித்தெடுத்து, கூகுள் லென்ஸ், டின்ஐ ஆகிய படத் தேடல் கருவிகளில் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. இனி கண்தான் கருவி என்றார் பயிற்றுநர். ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தினார்கள். ஏழாவது விநாடியில் வலது ஓரத்தில் பாதி தெரியும் ஒரு கடைப்பலகை. உருண்டையான எழுத்துகள். பின்வரிசையில் ஒருவர் "தமிழ்தான், மேம்" என்று உறுதியாகச் சொன்னார். பெரிதாக்கிப் பார்த்தபோது மலையாளம். அடுத்த நான்கு நிமிடங்களில் மிதக்கும் காரின் பதிவெண் ‘கே.எல்.’ என்று தொடங்குவதை ஒரு மாணவி கண்டுபிடித்தார். 2018 கேரளப் பெருவெள்ளத்தின் காணொளிகளில் தேடி, அதே தெருவை இன்னொரு கோணத்தில் எடுத்திருந்த பதிவையும் அவரே கொண்டுவந்தார். கருவி கைவிட்ட இடத்தில் பேருந்தின் நிறம், போலீசாரின் தொப்பி, மின்கம்பத்தின் வடிவம், சுவரொட்டியில் இருக்கும் முகம் ஆகியவை பேசும் என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்க முடியாது. வாட்ஸ்அப் வழியே வரும் படத்தில் எடுத்த நேரமும் இடமும் பற்றிய உட்தகவல்கள் உதிர்ந்துவிடுகின்றன, ஆகவே மூலக் கோப்பை ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும் என்ற சிறு குறிப்பும் அன்றைய வகுப்பில் கிடைத்ததுதான்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகச் சொல்லிப் பரவிய காணொளிகளும் பாடமாயின. வேறு மாநிலங்களில் வேறு காரணங்களுக்காக நடந்த வன்முறைகளைத் தமிழ்நாட்டில் நடந்ததாகக் காட்டியவை அவற்றில் இருந்தன. தமிழ்நாடு காவல்துறை மறுப்பு வெளியிட்டும், அச்சத்தில் ஊருக்குக் கிளம்பிய தொழிலாளர்கள் ரயில் நிலையங்களில் கூடினார்கள். தமிழில் வந்த பொய்யை இந்தியிலும், இந்தியில் வந்த பொய்யைத் தமிழிலும் மறுப்பதற்கு ஆள் வேண்டும் என்பதை ஒரு மாணவர் கேள்வியாக எழுப்பினார். அதற்கு வகுப்பில் விடை இல்லை. இருந்திருக்க வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

நம் ஊருக்கே உரிய இன்னொரு நோய், போலி நியூஸ் கார்டு. தமிழ்த் தொலைக்காட்சிகளின் முத்திரையையும் வண்ணத்தையும் அப்படியே எடுத்து, தலைவர் ஒருவரின் படத்துக்கு அருகில் அவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதிப் பரப்புவது. எழுத்துரு மாறியிருக்கிறதா, ஒற்று விட்டுப்போயிருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று பார்த்து, இறுதியில் அந்தத் தொலைக்காட்சியின் சொந்தப் பக்கத்துக்கே சென்று சரிபார்க்கப் பழக்கினார்கள். ஒற்றுப்பிழை ஒரு தடயமாகும் என்பதில் இலக்கணம் நடத்தும் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டானது. ஆனால் உண்மையான கார்டுகளிலும் ஒற்றுப்பிழை மலிந்திருப்பதால் அந்தத் தடயம் அதிக தூரம் செல்லாது.

சம்பவத்தை நேரில் பார்த்தவரைத் தொடர்புகொள்வது எப்படி என்பதற்கு ஒரு முழுப் பிற்பகல் ஒதுக்கப்பட்டது. விபத்துக் காணொளி ஒன்றின் கீழே நீங்களும் பார்த்திருப்பீர்கள்: வெவ்வேறு நிறுவனத்துச் செய்தியாளர்கள் வரிசையாக நின்று, ‘சார் இந்த வீடியோவ யூஸ் பண்ணிக்கலாமா, அர்ஜென்ட்’ என்று எழுதியிருப்பார்கள். என் மாணவி ஒருவரின் முதல் வரைவும் ஏறக்குறைய அதே வாசகம்தான். அதை வகுப்பே சேர்ந்து நான்கு முறை திருத்தியது. கடைசியில் நின்ற வடிவத்தைக் குறித்துக்கொண்டு வந்தேன்: "வணக்கம். நான் எங்கள் கல்லூரியின் பயிற்சி இதழில் எழுதும் மாணவி. முதலில், நீங்களும் உடனிருப்பவர்களும் பத்திரமாக இருக்கிறீர்களா? அங்கே ஆபத்து இருந்தால் இப்போது பதில் எழுத வேண்டாம், நகர்ந்துவிடுங்கள். இந்த வீடியோ நீங்களே எடுத்ததா, யாராவது அனுப்பியதா? எந்தத் தெரு, எத்தனை மணி என்று சொல்ல முடியுமா? பயன்படுத்த நீங்கள் சம்மதித்தால், உங்கள் பெயரைப் போடலாமா வேண்டாமா என்பதையும் சொல்லுங்கள்."

தெரியாதவரை எப்படி விளிப்பது என்பதற்கே கால் மணி நேரம் வாதம் நடந்தது. ‘ப்ரோ’ முதலில் வீழ்ந்தது. ‘அண்ணா’ என்று எழுதினால் நெருக்கம் வரும் என்றார் ஒருவர். தெருவில் நின்று கேட்கும்போது அது சரி, ஆனால் அனுமதி கேட்கும் கடிதத்தில் உறவு கொண்டாடினால் மறுக்க நினைப்பவருக்கு மறுப்பது கடினமாகிவிடும் என்றார் பயிற்றுநர். ‘சார்’ என்பது, பதிவிட்டவர் ஆணா பெண்ணா என்று தெரியாததால் விழுந்தது. ‘வணக்கம்’, ‘நீங்கள்’ இரண்டுமே எஞ்சின.

‘நீங்களே எடுத்ததா’ என்ற கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு அவர் சொன்ன வழக்கு, ஹைத்தி நிலநடுக்கத்தின்போது புகைப்படக்காரர் டேனியல் மொரெல் எடுத்த படங்களைப் பற்றியது. 2010-இல் அவர் இணையத்தில் ஏற்றிய படங்களை இன்னொருவர் தன் கணக்கில் தன்னுடையவை போல வெளியிட, அங்கிருந்து ஏஎஃப்பி செய்தி நிறுவனமும் படங்களை விற்கும் கெட்டி நிறுவனமும் எடுத்து உலகெங்கும் விற்றன. 2013-இல் நியூயார்க் நடுவர் குழு மொரெலுக்கு 12 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. ‘நன்றி: இணையம்’ என்று படத்துக்குக் கீழே போட்டுவிட்டுத் தூங்கப்போகும் நம் வழக்கத்தை நினைத்துக்கொண்டு நானும் கொஞ்சம் நெளிந்தேன். நாளிதழில் துணையாசிரியராக இருந்த ஆண்டுகளில் அந்த இரண்டு சொற்களை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்க விருப்பமில்லை.

நான்காம் சனிக்கிழமைக்கு வருகிறேன். அன்று பயிற்றுநர் வரவில்லை. டிஜிட்டல் மார்க்கெட்டிங் துறையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வகுப்பெடுத்தார். ரீச் (பதிவு எத்தனை பேரைச் சென்றடைகிறது என்பது), ஹூக் (பார்ப்பவரைப் பிடித்து நிறுத்தும் தொடக்கம்), முதல் மூன்று விநாடி, ‘உங்களை நீங்களே ஒரு பிராண்டாக்குங்கள்’ என்றே பெரும்பாலான நேரம் ஓடியது. செங்குத்தாகப் படம்பிடிப்பது, ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களுக்காகத் திரையில் வரி போடுவது ஆகியவற்றில் அவர் கைதேர்ந்தவர். அந்த முக்கால் மணி நேரத்தைக் குறை சொல்ல மாட்டேன். மற்ற நேரமெல்லாம், முன்னிரு வாரங்களில் கட்டியதை இடிக்கும் வேலை நடந்தது. தலைப்பில் ‘அதிர்ச்சி’ என்ற சொல் இருந்தால் சொடுக்குகள் கூடும் என்று அவர் சொன்னபோது, எதைக் கண்டு யார் அதிர்ந்தார்கள் என்று சொல்லாமல் அந்தச் சொல்லை எழுதக்கூடாது என்று என்னிடம் பாடம் படித்த பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சாலை விபத்து ஒன்றைப் பற்றி முப்பது விநாடி ரீல் தயாரிக்கச் சொல்லி, பின்னணி இசைக்கு மூன்று பாடல்களையும் அவரே பரிந்துரைத்தார். இறந்தவரின் முகம் தெரிகிறதே என்று ஒரு மாணவி கேட்டதற்கு, "லேசா ப்ளர் பண்ணிடுங்க, ரீச் குறையாது" என்பது விடை. கேட்ட கேள்வி ரீச்சைப் பற்றியதே இல்லை என்பது அவருக்குப் புரியவில்லை. இதைப் பற்றி எழுத்தில் புகார் கொடுத்தேன். அடுத்த தொகுதிக்கு ‘பரிசீலிப்பதாக’ மறுமொழி வந்தது.

சொந்தக் கணக்கு, தொழில் கணக்கு என்ற பிரிவினையைப் பற்றி அரைமணி நேரமே பேசப்பட்டது. மூன்று மணி நேரம் பேசத் தகுந்த பொருள் அது. தமிழ்நாட்டில் அதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. என் மாணவர்களில் நால்வர் முகப்புப் படமாக விஜய்யின் படத்தை வைத்திருந்தார்கள். பள்ளிக் காலத்தில் வைத்தது. ரசிகர் என்பதைத் தவிர அதற்கு அப்போது வேறு பொருள் இல்லை. 2024 பிப்ரவரியில் அவர் தமிழக வெற்றிக் கழகத்தை அறிவித்த பிறகு, அதே படத்தைப் பார்க்கும் வாசகர் அதைக் கட்சி அடையாளமாகத்தான் படிப்பார். அரசியல் செய்தி சேகரிக்கப் போகும் இளைஞரின் கணக்கில் அது இருக்கலாமா? ‘இங்குள்ளவை என் சொந்தக் கருத்துகள்’ என்று முகப்பில் எழுதிவைத்தால் பழி தீருமா? பழைய பதிவுகளை அழித்தால் நேர்மையா, மறைப்பா? மாணவர்கள் கொதித்துக்கொண்டு கேட்டார்கள். நேரமாகிவிட்டது என்று சொல்லி, "மாத்திடுங்கப்பா" என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பும் ரயிலில் விழுப்புரம் வரைக்கும் அந்த வாதம் தொடர்ந்தது. இருவர் படத்தை மாற்றினார்கள், இருவர் மாற்றவில்லை.

சட்டம் பற்றிய வகுப்பை ஒரு வழக்கறிஞர் எடுத்தார். இணையத்தில் பிறரைப் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்துசெய்த வரலாற்றை வேகமாகச் சொல்லிவிட்டு, மாணவர்களின் அன்றாடத்துக்கு நெருக்கமான ஒரு வழக்குக்கு வந்தார். 2018-இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை, நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான ஒருவர் பேஸ்புக்கில் பகிர்ந்தார். எழுதியது தானில்லை, வந்ததைப் பகிர்ந்தேன் என்பது அவர் வாதம். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டிருந்ததால் படிக்காமலே பகிர்ந்துவிட்டார் என்று அவருடைய வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் வழக்கை ரத்துசெய்ய மறுத்துவிட்டன. ‘ஃபார்வர்டுதானே’ என்ற சொல் அன்றிலிருந்து எங்கள் துறையில் கேலிச்சொல்லாகிவிட்டது, "என்னப்பா, கண்ணுல மருந்தா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

பாலியல் குற்றத்துக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்பது மாணவர்களுக்குத் தெரிந்த விதிதான். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு அதைக் குற்றமாக்குகிறது. ஆனால் 2024 டிசம்பரில் சென்னையில் ஒரு பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை கசிந்து, அவர் அடையாளம் வெளியே வந்து, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க அரசுக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை வழக்கறிஞர் சொன்னபோது, வகுப்பில் மூவர் அந்த அறிக்கை தங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்தது என்று மெல்லச் சொன்னார்கள். வந்ததை என்ன செய்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதே நல்லதென்று எனக்குப் பட்டது.

கணக்குப் பாதுகாப்பு பற்றிய பகுதி சுருக்கமாக, ஆனால் நன்றாக இருந்தது. 2013 ஏப்ரல் 23 அன்று அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கைக் கைப்பற்றியவர்கள், வெள்ளை மாளிகையில் குண்டு வெடித்ததாக எழுதிய ஒரே வரியால் அமெரிக்கப் பங்குச்சந்தைக் குறியீடு சில நிமிடங்களில் 140 புள்ளிகளுக்கு மேல் சரிந்து மீண்ட கதையைச் சொல்லி, உடனே அங்கேயே எல்லோரையும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் பாதுகாப்பை) போடவைத்தார்கள். வீட்டுப்பாடமாகக் கொடுத்திருந்தால் யாரும் செய்திருக்க மாட்டார்கள். யுனெஸ்கோ 2020-இல் வெளியிட்ட உலகளாவிய ஆய்வில் கருத்துத் தெரிவித்த பெண் பத்திரிகையாளர்களில் 73 விழுக்காட்டினர் இணைய வன்முறைக்கு உள்ளானதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த எண்ணைச் சொல்லி நிறுத்திவிடாமல், வசை வரத் தொடங்கினால் தடைசெய்வதற்கு முன் பதிவின் இணைய முகவரியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைப்பது, நம்பகமான தோழியிடம் கணக்கை ஒப்படைத்து அவரைப் படிக்கச் சொல்லிவிட்டுத் தான் விலகியிருப்பது, பத்திரிகை ஆசிரியருக்கு அன்றே எழுத்தில் தெரிவிப்பது என்று நடைமுறையாகப் பேசினார்கள். மாணவிகள் எழுப்பிய கேள்விகள் முடியாததால், அன்று மதியச் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போனது.

கடைசி வாரத்துப் பயிற்சி, திருத்தம் எழுதுதல். 2016 டிசம்பர் 5 மாலையில், முதலமைச்சர் ஜெயலலிதா இறந்துவிட்டதாகச் சில தமிழ்த் தொலைக்காட்சிகள் அறிவித்து, கட்சித் தலைமையகத்தில் கொடி இறங்கி, மருத்துவமனை மறுத்ததும் கொடி மீண்டும் ஏறிய அந்த மணி நேரங்களைக் காட்டி, அப்போது முந்திச் சொல்லியிருந்தால் அடுத்த பதிவை எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டார்கள். இரவு 11.30 மணிக்கு அவர் இறந்ததாகப் பின்னர் அறிவிக்கப்பட்டதால், ‘கடைசியில் சரியாகத்தானே போயிற்று’ என்று ஒரு மாணவர் சொல்ல, அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. வரைவுகளில் ‘தொழில்நுட்பக் கோளாறால்’, ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’, ‘தவறுதலாகப் பதிவாகிவிட்டது’ என்று செயப்பாட்டு வினைகள் குவிந்தன. பயிற்றுநர் சிவப்புப் பேனாவால் அத்தனையையும் அடித்துவிட்டு, எது தவறு, எது சரி, எப்போது தெரியவந்தது என்ற மூன்றையும் எழுவாயோடு எழுதச் சொன்னார். இரண்டே வரி. அந்த இரண்டு வரியை எழுத என் வகுப்பின் முதல் மாணவிக்கு நாற்பது நிமிடங்கள் ஆயின. எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தின் 280 குறி எல்லைக்குள் அது அடங்க வேண்டும் என்பது நிபந்தனை. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு அடிப்படை எழுத்தும் அதன்மேல் வரும் குறியும் புள்ளியும் தனித்தனி, ஆகவே ஐந்து. தமிழில் திருத்தம் எழுதுகிறவர் ஆங்கிலத்தில் எழுதுகிறவரைவிடச் சுருக்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

மற்ற விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வகுப்பில் மொத்தம் 38 பேர். செய்முறைப் பயிற்சிக்கு இது அதிகம், 20 பேர் இருந்தால் போதும். வைஃபை இரண்டு வாரம் வேலை செய்யவில்லை, மாணவர்கள் தங்கள் டேட்டாவைச் செலவழித்தார்கள். மதியச் சாப்பாடு கட்டணத்தில் அடக்கம், குறையில்லை. சான்றிதழில் என் மாணவர்கள் இருவரின் பெயரில் எழுத்துப்பிழை. திருத்தித் தர மூன்று வாரம் ஆனது. வகுப்பு முடிந்த பின் தொடர்ச்சியாக எதுவும் இல்லை. கேள்வி கேட்க ஒரு குழுவாவது இருந்திருக்கலாம்.

இளங்கலை முதலாண்டு மாணவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செய்தி எழுதி, ஒருமுறையாவது பத்திரிகை ஆசிரியரிடம் அடி வாங்கியவருக்குத்தான் சரிபார்ப்பு வகுப்பின் அருமை தெரியும். நிறுவனத்தின் சமூக ஊடகப் பிரிவில் வேலைக்குச் சேர நினைப்பவர், இங்கே போஸ்டர் செய்யவும் பதிவு நேரத்தைத் திட்டமிடவும் கற்றுத்தருவார்கள் என்று நம்பி வந்தால் ஏமாறுவார். நிருபராகவோ துணையாசிரியராகவோ போக நினைப்பவருக்கு, ஆறில் நான்கு நாட்கள் முழுதாகப் பயன்படும். ஒரு நாள் பாதி பயன்படும்.

அடுத்த தொகுதி ஜூலையில் தொடங்குகிறது என்று கடிதம் வந்திருக்கிறது. இறுதியாண்டு மாணவர்கள் எட்டு பேருக்கு இடம் கேட்டு எழுதிவிட்டேன். நான்காம் சனிக்கிழமைக்கு அதே இளைஞர்தான் வருகிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதால், அன்று அவர்களை ரயில் ஏற்றாமல் கல்லூரியிலேயே வைத்துக்கொண்டு, முகப்புப் படத்தைப் பற்றிய அந்த வாதத்தை விட்ட இடத்திலிருந்து நடத்தலாம் என்றிருக்கிறேன்.